பாலருவிப் பக்கம் உளுத்த மரத்தில் பார்த்தது ட்ரைலோபைட்டா?

ஜூலை 5, மாலை. செங்கோட்டைத் தம்பி கேட்டது:

அண்ணாச்சி, நேற்று ஆரியங்காவு தாண்டி ஓடைக்கரையில் விழுந்து கிடந்த மரத்தில் ஒரு பூச்சி. கறுப்பு உடம்பு, ஓரமெல்லாம் செம்மஞ்சள் முள் முள்ளாக, முன்னால் மூன்று பெரிய ஓடு, தலையே காணோம். ஐம்பது கோடி வருசத்துக்கு முந்தி கடலில் இருந்த ட்ரைலோபைட் கேரளக் காட்டில் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று வாட்சப்பில் ஒரு படம் சுற்றுகிறது. இதுவும் அதே மாதிரிதான் இருக்கிறது. உண்மையா? கடிக்குமா?

ஜூலை 5, இரவு

ட்ரைலோபைட் இல்லை தம்பி. வண்டு. வலைச்சிறகு வண்டுக் குடும்பம், லைசிடே என்பார்கள். ட்ரைலோபைட்கள் கடலை விட்டு வந்ததே இல்லை. சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் பூண்டோடு அழிந்தும் போயின. வாட்சப் படத்தை அனுப்பியவரிடம் கால்களை எண்ணச் சொல். ட்ரைலோபைட்டுக்கு உடம்பின் ஒவ்வொரு கண்டத்திலும் (துண்டிலும்) கால் இருந்தது. இதற்கு ஆறே ஆறு, மூன்று ஓட்டுக்கும் அடியில் சோடி சோடியாக.

கடிக்காது. ஏன் என்று நாளை எழுதுகிறேன், கரண்ட் போய்விட்டது. சாரல் ஆரம்பித்தால் எங்கள் பக்கம் இது வழக்கம்.

ஜூலை 6

புனலூர்க்காரர் ஒருவர் 'அது மரவட்டை சார், எங்கள் வீட்டு விறகுக் கொட்டகையில் நிறைய இருக்கிறது' என்கிறார். இல்லை. மரவட்டைக்குக் கிட்டத்தட்ட ஒவ்வொரு கண்டத்திலும் இரண்டு சோடிக் கால். தொட்டால் உருண்டையாகச் சுருண்டு கோலிக்குண்டு மாதிரி உருளும் ஒரு வகை மரவட்டை நம் காட்டில் உண்டு, அதைத்தான் அவர் நினைக்கிறார் போலும். தம்பி பார்த்தது சுருளவே சுருளாது.

கையில் எடுக்காமல் பக்கத்தில் குனிந்து பார்த்தால் போதும். முதல் மூன்று ஓடும் அகலமாக, ஓரம் வழவழவென்று இருக்கும். அதற்குப் பின்னால் வயிற்றுக் கண்டங்கள் குறுகிக்கொண்டே போகும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் சதைக் காம்பு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். தலை இல்லை என்று தோன்றுவதற்குக் காரணம், அது ரொம்பச் சின்னத் தலை, முதல் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும். அசையாமல் காத்திருந்தால் வெளியே நீட்டும். நான் பார்த்த ஒன்று நீட்டி, பாசியை இப்படியும் அப்படியும் துழாவிவிட்டு மறுபடி உள்ளே போனது. நகர்வதோ, பார்த்துக்கொண்டிருக்கிற நமக்குக் கால் மரத்துப் போகும் அளவு மெதுவாக.

ஜூலை 9

வாய் விசயம். கடிக்கிற பூச்சிக்கு இரண்டு தாடையும் எதிரெதிரே வந்து சேர வேண்டும், பாக்குவெட்டி மாதிரி. இந்தக் குடும்பத்துப் புழுக்களுக்கு (தம்பி பார்த்ததும் புழு வடிவம்தான்) அப்படிச் சேராது. ஊசி போன்ற தாடைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்து வெளிப்பக்கமாக விலகும், உறிஞ்சத்தான் ஆகும். வெகுகாலம் இவை மற்றப் புழுக்களையும் நத்தைகளையும் வேட்டையாடித் தின்னும் என்றே எழுதிவந்தார்கள். மட்கிய மரத்தில் ஊறி நிற்கும் சாறு, அதிலே வளரும் நுண்ணுயிர், பாசிப்பூஞ்சை இவைதான் சாப்பாடு என்பதே இப்போது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. மரத்தை அரிக்காது, கரையான் வேலை பார்க்காது.

ஆகவே புனலூர் சாருக்கு இன்னொரு பதில்: வீட்டு விறகுக் கொட்டகையில் இது இருக்க வாய்ப்பே குறைவு. காய்ந்த விறகு இதற்குப் பாலைவனம்.

ஜூலை 10

தம்பி தனியாக எழுதிக் கேட்டது: 'புழு என்கிறீர்கள், அப்படியானால் பெரிசானதும் என்னவாகும்?'

இங்கேதான் வேடிக்கை. ஆண் மற்ற வண்டுகளைப் போலவே கூட்டுப்புழுவாகி, இறகு முளைத்து, பறந்து போகும். பெண் அப்படி இல்லை. கடைசித் தோலை உரித்த பின்னும் அதே புழு வடிவம்தான். இறகு இல்லை, வண்டு உருவமே வருவதில்லை. முட்டையிடும் உறுப்பு மட்டும் முதிர்ந்துவிடும். சமைந்த பெண்ணைச் சிறுமி என்று எண்ணி எல்லோரும் தாண்டிப் போவது போல, இந்தப் பெண் வண்டுகளைப் புழு என்றே அறிவியலும் வெகுநாள் தாண்டிப் போனது.

1831-இல் பெர்ட்டி என்கிற ஜெர்மானியர் இந்த வகைப் புழு ஒன்றை வர்ணித்து எழுதினார். அதன்பின் கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு, இது எந்தப் பூச்சியின் புழு என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பிடித்து வளர்த்தார்கள், வளர்ந்தது, பெரிதானது, ஒருநாள் செத்தது. வண்டாக மாறவே இல்லை. எரிக் மோபெரி என்ற சுவீடன்காரர் போர்னியோவில் சரவாக் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தவர். அவர்தான் இந்தப் பெண்ணோடு ஒரு சின்ன ஆண் வண்டு இணைந்திருப்பதைப் பார்த்து, 1925-இல் எழுதி முடிச்சை அவிழ்த்தார். அந்த ஆண் எவ்வளவு சின்னது என்றால், பெண் 8 சென்டிமீட்டர் வரை வளரும், ஆண் ஒரு சென்டிமீட்டர்கூட வராது. இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால் ஒரே இனம் என்று தலையில் அடித்துச் சொன்னாலும் நம்ப முடியாது.

ஜூலை 10, கொஞ்ச நேரம் கழித்து

'எங்கள் வீட்டிலும் அதே நிலைமைதான்' என்று எழுதியவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். அண்ணி இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை என்ற தைரியம்.

ஜூலை 14

போர்னியோவில் பார்த்ததை நம் மலையோடு எப்படிச் சேர்ப்பது என்று குமுளி அக்கா சரியான இடத்தில் பிடித்தார். மோபெரி பார்த்தது போர்னியோவின் வண்டு, பிளாட்டரோட்ரிலஸ் என்கிற பேரினம். அதன் உறவுகள் தென்கிழக்காசியா முழுக்க இருக்கின்றன. நம் மலையில் இருப்பது வேறு பேரினம், லைரோபியஸ். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கிடைப்பது. மேற்கு மலையின் ஈரக் காடுகளில் உள்ளது லைரோபியஸ் ஆப்டபிலிஸ். இரண்டும் நெருங்கிய சொந்தம். ஆனால் வாட்சப்பில் சுற்றும் படங்களில் பல போர்னியோ, மலேசியப் படங்கள். அடியில் 'கேரளா' என்று யாரோ ஒட்டியிருக்கிறார்கள். அளவையும் அதைப் பார்த்துக் கணிக்காதீர்கள்.

இன்னொன்று. வலைச்சிறகு வண்டுக் குடும்பத்தில் உலகம் முழுக்க 4,000-க்கு மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் பெண் புழுவாகவே நின்றுவிடுவதில்லை. பெரும்பாலானவற்றில் ஆணும் பெண்ணும் சாதாரணமாக இறகோடுதான் வரும். உளுத்த மரத்தைப் புரட்டினால் கிடைக்கிற கறுப்புப் புழுவெல்லாம் இந்தப் பெண்ணாகிவிடாது. தம்பி பார்த்தது அந்தக் கூட்டம்தான் என்று அந்த மூன்று ஓட்டையும் பக்கக் காம்புகளையும் வைத்துச் சொல்கிறேன். எந்த இனம் என்று ஒரு மொபைல் படத்தை வைத்து நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

ஜூலை 22

சிவப்பு வண்டுகள் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். புளியரைப் பக்கம் பூவில் உட்கார்ந்திருக்கும், தட்டையாக, சிவப்பும் கறுப்புமாக, இறகு முரடாக. ஆமாம், அவையும் இந்தக் குடும்பம்தான். மேலிறகைப் பக்கத்தில் பார்த்தால் நீளவாக்கில் சில மேடான கோடுகள், நடுவே குறுக்குக் கோடுகள், மீன் வலை விரித்த மாதிரி சின்னச் சின்னக் கட்டங்கள். விரலால் அழுத்தினால் மற்ற வண்டு மாதிரி ஓடு நிற்காது, தோல் மாதிரி வளையும். அவ்வளவு மெத்தென்ற உடம்பை வைத்துக்கொண்டு பட்டப்பகலில் பூவில் உட்கார்ந்து சோம்பலாக ஊர்கிறது என்றால் அதற்கு ஏதோ பலம் இருக்க வேண்டும் அல்லவா?

நசுக்கினால் தெரியும் (நசுக்காதீர்கள், நான் சொல்வதை நம்புங்கள்). பால் மாதிரி ஒரு நீர் கசியும், ஒரு வாடை அடிக்கும். பச்சைக் குடைமிளகாயை நறுக்கும்போது வருமே, கிட்டத்தட்ட அந்த வாடை. இரண்டிலும் இருப்பது பைரசின் என்ற ஒரே குடும்பத்து வேதிப்பொருள். 1981-இல் ஆஸ்திரேலிய வலைச்சிறகு வண்டு ஒன்றை ஆராய்ந்தபோது, அதில் பைரசினும் கசப்புப் பொருளும் கிடைத்தன. பிற்பாடு 2008-இல் அமெரிக்க வலைச்சிறகு வண்டுகளில் புதிதாக ஓர் அமிலம் கிடைத்தபோது, அதற்கு லைசிடிக் அமிலம் என்று இந்தக் குடும்பத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள். ஒரு தடவை வாயில் வைத்த பறவை நிறத்தையும் வாடையையும் மறக்காது.

அப்புறம் என்ன, நல்ல கடைக்குப் பக்கத்தில் அதே பெயர்ப்பலகையோடு நாலு கடை முளைக்கிற கதை. அந்துப்பூச்சி, நீளக்கொம்பு வண்டு எல்லாம் இதே சிவப்பு கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிகின்றன. அமெரிக்காவின் அரிசோனாவில் இருக்கிற ஒரு நீளக்கொம்பு வண்டு இன்னும் ஒருபடி மேலே. தான் யாரைப் போல வேடம் போட்டதோ அந்த வலைச்சிறகு வண்டையே பிடித்துத் தின்கிறது. தாமஸ் ஐஸ்னர் என்ற பூச்சி வேதியியலாளரும் கூட்டாளிகளும் 1962-இல் அதை எழுதினார்கள். தின்றதோடு அதன் நஞ்சையும் சேமித்துக்கொள்கிறதா என்ற கேள்வி அப்படியே நின்றது. 2008-இல் அதே ஐஸ்னர் குழு சோதித்துப் பார்த்தது. சேமிப்பதில்லை. தின்பதும் வேடமும்தான் மிச்சம். ஒரு கேள்வியை நாற்பது வருசத்துக்கு மேல் மடியில் வைத்திருந்து திரும்ப எடுத்துப் பார்த்திருக்கிறாரே, அதுதான் எனக்குப் பிடித்தது.

ஆகஸ்ட் 3

தம்பி புளியரையிலும் செங்கோட்டையிலும் தேடிப் பார்த்தானாம், ஓட்டுக்காரி கிடைக்கவில்லையாம். (ஓட்டுக்காரி என்று நானாக வைத்தது. யாரும் அகராதியில் தேட வேண்டாம்.)

எப்படிக் கிடைக்கும்? செங்கோட்டையில் நமக்கு வருவது சாரல். மேகம் மலை மேலே கொட்டித் தீர்த்துவிட்டு மிச்சத்தைத் தூவிவிட்டுப் போகிறது. கொல்லம் வண்டியில் ஏறிச் சன்னல் பக்கம் உட்கார்ந்தால் போதும், பகவதிபுரம் தாண்டிக் குகைக்குள் நுழைந்து வெளியே வந்ததும் வேறு நாடு. கழுதுருட்டிப் பதின்மூன்று கண் பாலத்தைக் கடக்கும்போது கீழே பார்த்தால் எல்லாம் பச்சை, எல்லாம் ஈரம். 1904-இல் மீட்டர் கேஜில் போட்ட பாதை. அகலப்பாதையாக மாற்றிய பிறகும் பாலத்தின் பழைய கல் வளைவுகள் அப்படியே நிற்கின்றன, அவற்றின் மேல் பாசியும் பெரணியும். ஒரே ஒரு மலைமுகடு. இந்தப் பக்கம் மரம் விழுந்தால் காய்ந்து விறகாகும். அந்தப் பக்கம் விழுந்தால் ஊறி, பூசணம் பூத்து, பஞ்சு மாதிரி ஆகும். ஓட்டுக்காரிக்கு வேண்டியது அந்தப் பஞ்சு.

செந்துருணி சரணாலயமும் குளத்துப்புழைப் பக்கத்து ஜாதிக்காய்ச் சதுப்பும் அந்தச் சரிவில்தான். சதுப்பு என்றால் நாம் நினைக்கிற சேற்று வயல் இல்லை. காட்டு ஜாதிக்காய் மரங்கள் ஓடைத் தண்ணீரிலேயே நின்று, முழங்கால் மடக்கிய மாதிரி வேர்களை வெளியே தூக்கி மூச்சு விடும் இடம். அங்கே விழுந்த கிளைக்குக் காய்வது என்றால் என்னவென்றே தெரியாது.

ஆகஸ்ட் 4

பாலத்தைப் பற்றி எழுதியதும் பதின்மூன்று பேர் வந்துவிட்டார்கள், கண்ணுக்கு ஒருவர். ரயில் நேரம் கேட்பவர்கள் நிலையத்தில் கேளுங்கள் ஐயா. இது வண்டு பற்றியது.

செப்டம்பர் 11

ஓணம் முடிந்து இப்போதுதான் உட்கார நேரம். முந்தி எழுதியதையெல்லாம் படித்துப் பார்த்தேன். பெண் முதிராமல் நிற்பதை வேடிக்கையாக மட்டும் சொல்லி விட்டுவிட்டேனே என்று தோன்றியது. அதற்குள் ஒரு கனமான விசயம் இருக்கிறது.

இறகு இல்லை. நடை மெதுவு. அப்படியானால் ஒரு பெண் தன் ஆயுளில் எவ்வளவு தூரம் போகும்? விழுந்த மரத்திலிருந்து பக்கத்து மரத்துக்கு, மிஞ்சினால் ஓடைக்கரை நெடுக. ஆண் பறந்து வரலாம், ஆனால் புது இடத்தில் குடியேற்றுவது ஆணால் முடியாது, முட்டை பெண்ணிடம் இருக்கிறது. நடுவே ஒரு ரோடு, ஒரு வெயில் அடிக்கும் வெட்டவெளி வந்தால் கதை அங்கேயே முடிந்தது. போசாக் என்ற செக் நாட்டு ஆய்வாளரும் அவர் குழுவும் 2008-இல் இந்தக் குடும்பத்தின் மரபணுக்களை ஒப்பிட்டார்கள். பெண் புழுவாக நின்றுவிடும் வழக்கம் ஒரு தடவை தோன்றிப் பரவியதல்ல, தனித்தனிக் கிளைகளில் பல தடவை, வெகு பழங்காலத்திலேயே தோன்றியது என்று கண்டார்கள். அப்படிப்பட்ட இனங்கள் பெரும்பாலும் சின்னச் சின்ன இடங்களுக்குள்ளேயே அடங்கிக் கிடப்பவை. லட்சக்கணக்கான வருசம் ஈரம் வற்றாமல் இருந்த காட்டில்தான் இப்படி ஒரு சீவன் தாக்குப்பிடிக்க முடியும். இவ்வளவு மெதுவாக நகர்கிற ஒன்று ஓரிடத்தில் இருக்கிறது என்றால், அந்த இடம் ரொம்ப நாளாக மாறவில்லை என்று அர்த்தம். எனக்குப் புலியை விட இது பெரிய சான்றிதழ். புலி வழி தப்பியும் வரும்.

செப்டம்பர் 12

நேற்று எழுதியதற்கு 'ரப்பர் தோட்டமும் பச்சைதானே, நிழல்தானே, மழைதானே' என்று பதில். நான் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவன், அதனால் சொல்கிறேன். நிழல் உண்டு, மழை உண்டு, விழுந்த மரம் கிடையாது. காற்றில் ஒரு மரம் சாய்ந்தால் மறுவாரம் அது தோட்டத்தில் இருக்காது. தடி லோடாகும், கிளை விறகாகும், தூர் பறிபடும். ஓடைக்கரையில் இரண்டு பழைய காட்டு மரங்கள் விழுந்து கிடந்தன. தொட வேண்டாம் என்று கூட்டாட்களிடம் சொல்லி விட்டுவைத்திருந்தேன். மேலிடத்திலிருந்து பார்வைக்கு வந்தவர், தோட்டம் குப்பையாகக் கிடக்கிறது என்று எல்லார் முன்னாலும் ஏசினார். அன்று மாலையே இழுத்துப் போட்டு எரித்தார்கள். உள்ளே என்னென்ன இருந்ததோ. அவர் மேல் தனியாகக் கோபம் என்று இல்லை, சுத்தம் என்றால் வெறும் தரை என்று எல்லோருமே அப்படித்தான் பழகியிருக்கிறோம்.

காட்டுக்குள்ளேயும் இதே கண் இருக்கிறது. அருவிக்குப் போகும் வழியில் உளுத்த மரத்தைக் காலால் எத்தி உடைத்துவிட்டுப் போவதில் நம் ஆட்களுக்கு என்ன இன்பமோ.

அக்டோபர் 2

'வீட்டுக்கு எடுத்து வந்து கண்ணாடித் தொட்டியில் வளர்க்கலாமா?' வேண்டாம். சரணாலயத்துக்குள்ளிருந்து எதை எடுத்தாலும் 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம், பூச்சியும் சேர்த்து, அது உட்கார்ந்திருக்கும் மரத்துண்டும் சேர்த்து. சட்டத்தை விடுங்கள், என்ன கொடுத்து வளர்ப்பீர்கள்? அதன் சாப்பாடு அந்த மரத்தின் ஈரத்துக்குள் இருக்கிறது. தென்காசி வெயிலில் அந்தத் தொட்டி இரண்டு நாளில் ஊறுகாய் ஜாடி ஆகிவிடும்.

அக்டோபர் 19

குமுளி அக்கா அனுப்பிய படம் மின்மினியின் புழு. அதற்கும் உடம்பு முழுக்கத் தகடு, அதற்கும் ஊர்கிற நடை. நம் பக்கத்துப் பெரிய மின்மினிகளில் சிலவற்றில் பெண்ணுக்கு இறகே கிடையாது, அதுவும் புழு மாதிரிதான் இருக்கும். இரண்டு குடும்பங்களும் தூரத்துப் பங்காளிகள். ஆகவே குழப்பம் வருவது நியாயம். இரவில் பின்பக்கம் ஒளிர்ந்ததா என்று மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள், வாயைப் பாருங்கள். மின்மினிப் புழுவுக்கு அரிவாள் மாதிரி வளைந்த தாடை, எதிரெதிரே சேரும். நத்தையைக் கடித்து, உள்ளே செரிமான நீரை விட்டுக் கரைத்துக் குடிக்கும். அக்கா படத்தில் பக்கத்திலேயே காலி நத்தை ஓடு கிடக்கிறது. அவ்வளவுதான், வழக்கு முடிந்தது.

நவம்பர் 8

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தம்பி அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகிறானாம், எப்படிப் படம் எடுக்க என்று கேட்கிறான்.

மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, தலையை நீட்டும்போது முன்னாலிருந்து ஒன்று. பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு வை, அளவு தெரியும். மரத்தைத் திருப்பிப் பார்த்தாயானால் திரும்ப அதே பக்கம் அதே மாதிரி வை. அடிப்பக்கம் வெயில் பட்டால் அந்த ஈரம் மறுபடி ஊற வெகுநாள் ஆகும். சுற்றி ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான, இறகுள்ள கறுப்பு வண்டு ஏதாவது அவள் மேலேயோ பக்கத்திலேயோ உட்கார்ந்திருந்தால் அதை விரட்டாதே, முதலில் அதைப் படம் எடு. மோபெரிக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் உனக்கும் கிடைத்தால் நான் புளியரை முக்கில் பரோட்டா வாங்கித் தருகிறேன்.

காலில் உப்புத்துணி கட்டிக்கொண்டு போ. அட்டை உன்னை விடாது.

நவம்பர் 8, இரவு

பரோட்டா தம்பிக்கு மட்டும்தான். மற்றவர்கள் வரிசையில் நிற்க வேண்டாம்.